வானத்தின் ரகசியத்தைக் காத்த கலகக்காரன்

பொய்யான அரியணையை எதிர்த்து எழுந்தவன் 'ப்ளீச்' வில்லன் ஐசென். அந்தப் பொய்யை அவன் ஏன் ஊருக்குச் சொல்லவில்லை?

சோக்யோகு குன்றின் உச்சியில் தண்டனை மேடை நொறுங்கிக் கிடக்கிறது. சாக வேண்டிய ருகியா உயிரோடு இருக்கிறாள். ஆனால் அவள் நெஞ்சுக்குள் கையை விட்டு, அவளுக்கே தெரியாமல் அங்கே ஒளித்து வைக்கப்பட்டிருந்த சிறு மணி ஒன்றை ஒருவன் எடுத்துவிட்டான். செத்துப்போனதாக நம்பி எல்லோரும் அழுத ஐந்தாம் பிரிவு கேப்டன் ஐசென் சோசுகேதான் அவன். கேப்டன்கள் வளைத்துக்கொள்கிறார்கள். கழுத்தில் கத்தி வைத்தாயிற்று. அந்த நேரத்தில் வானம் கிழிகிறது. கிழிசலுக்கு அப்பாலிருந்து ராட்சத முகங்கள் எட்டிப் பார்க்க, ஒளித்தூண் ஒன்று இறங்கி அவனைச் சூழ்கிறது. அதற்குள் இருப்பவனை வெளியிலிருக்கும் எவராலும் தொட முடியாது. நிற்கும் தரையோடு சேர்ந்து அவன் மேலே எழும்புகிறான். நெடுங்காலம் உடன் பணியாற்றிய உகிடாகே கீழே நின்றபடி, இவ்வளவு தாழ்ந்துவிட்டாயா என்று கேட்கிறார். மேலே யாரும் இருந்ததே இல்லை, தெய்வம்கூட இல்லை. காலியாகக் கிடந்த அந்த இடத்தில் இனி நான் நிற்கப்போகிறேன் என்பதுதான் அவன் பதிலின் சாரம். சொல்லிக்கொண்டே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி உள்ளங்கையில் நொறுக்குகிறான். நெற்றியில் விழுந்த முடியை மேலே வாரிவிடுகிறான். அதுவரை எல்லோருக்கும் பிரியமான வாத்தியாரைப்போல இருந்த மனிதன் அந்த நொடியில் காணாமல் போகிறான்.

'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்' 2025 செப்டம்பரில் தமிழ் பேசியபடி திரையரங்குகளுக்கே வந்துவிட்டது. அனிமே இனி வீட்டுக்குள் பிள்ளைகள் மட்டும் பார்க்கும் சமாச்சாரம் இல்லை. அந்தப் பிள்ளைகளின் விவாதங்களைக் காதுகொடுத்துக் கேட்டால், கதாநாயகர்களைவிட வில்லன்களைப் பற்றிய பேச்சே அதிகம். அதில் நெடுநாளாகத் தீர்ப்பாகாத வழக்கு ஐசென் வழக்கு. அவன் சொன்னதுதான் சரி என்று ஒரு கட்சி. கொலைகாரனுக்கு என்ன கொள்கை என்று எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்கும் பாதி ஆதாரம் கதைக்குள்ளேயே இருப்பதால் வாய்தா மேல் வாய்தா போகிறது. நல்ல கேள்வியைக் கெட்ட வழியில் கேட்டான் என்ற வழக்கமான சமரசமும் இந்த வழக்கை முடித்துவிடாது. அவன் செய்த கொலைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு குற்றமும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வானுலகின் அடித்தளத்தில் கிடக்கும் பொய்யைக் கண்டுபிடித்தவன், அதைத் தன் தனிச்சொத்தாக வைத்துக்கொண்டான். எதிர்த்துக் கிளம்பிய அரசின் ரகசியத்தை அந்த அரசைவிட பத்திரமாகக் காத்தான். அவன் தோற்றதும் கேள்வியும் சேர்ந்து சிறைக்குப் போனதற்குக் காரணம் அதுதான்.

பெட்டிச் செய்தி: 'ப்ளீச்' சுருக்கமாக

டைட் குபோ எழுதி வரைந்த 'ப்ளீச்', ஷூயிஷா நிறுவனத்தின் 'வாராந்திர ஷோனென் ஜம்ப்' இதழில் 2001 ஆகஸ்ட் முதல் 2016 ஆகஸ்ட் வரை ஓடியது. மொத்தம் 686 அத்தியாயங்கள், 74 தொகுதிகள். ஸ்டூடியோ பியரோ தயாரித்த அனிமே 2004 அக்டோபரில் தொடங்கி 2012 மார்ச்சில் 366-வது பகுதியோடு நின்றது. படமாக்கப்படாமல் கிடந்த கடைசிப் போர்க் கதை 'ஆயிரம் ஆண்டுக் குருதிப் போர்' என்ற பெயரில் 2022 அக்டோபரிலிருந்து தவணை தவணையாக வருகிறது. ஐசெனுக்குக் குரல் கொடுப்பவர் ஹயாமி ஷோ.

அரியணையில் இருப்பது எது?

கதையின் உலகம் இப்படி: இறந்தவர்களின் ஆன்மாக்கள் போய்ச் சேரும் இடம் சோல் சொசைட்டி. அதைக் காப்பவர்கள் ஷினிகாமிகள். கறுப்பு உடையும் வாளுமாகத் திரியும் எமதூதர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பதின்மூன்று பிரிவுகள், பிரிவுக்கு ஒரு கேப்டன். சட்டம் சொல்ல நாற்பத்தாறு பேர் கொண்ட அவை. மேலே பிரபுக் குடும்பங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, யார் கண்ணிலும் படாத தனி அரண்மனையில் ஆன்ம அரசன். எல்லோரும் அவன் பெயரால் ஆணையிடுகிறார்கள், அவன் பெயரால் கொல்கிறார்கள். அவன் ஆணையிட்டதை யாரும் கேட்டதில்லை. பல வருடம் கழித்து வாசகர் அவனைப் பார்க்கும்போது கை இல்லை, கால் இல்லை, பேச்சில்லை. அடைத்து வைக்கப்பட்ட ஓர் உடல்.

அந்த உடல் எப்படி அங்கே வந்தது என்பதை, நரிதா ரியோகோ எழுதி 2017, 2018 ஆண்டுகளில் வெளிவந்த 'கான்ட் ஃபியர் யுவர் ஓன் வேர்ல்ட்' நாவல் விளக்குகிறது. வாழ்வும் சாவும் பிரியாமல் கலங்கிக் கிடந்த ஆதி உலகத்தில் அளவற்ற வல்லமையோடு ஒருவன் இருந்தான். ஐந்து பிரபுக் குடும்பங்களின் முன்னோர்கள் அவனை முடக்கி, கை கால்களை வெட்டி, உலகங்களைப் பிரித்து நிறுத்தும் ஆணியாக அடித்து வைத்தார்கள். அந்த ஆணிக்குத்தான் அரசன் என்று பெயர். நாவல் குபோவின் கையெழுத்தில் வந்ததல்லவே, அதைச் சாட்சியாக ஏற்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குபோ தந்த பின்னணியை வைத்துக்கொண்டு எழுதப்பட்டது அது. அதை ஒதுக்கிவிட்டாலும் மூலக் கதையிலேயே போதுமானது இருக்கிறது. தோற்றுச் சிறைப்படும் தருணத்தில் ஐசென், தன்னைச் சிறைப்படுத்தும் உராஹராவைப் பார்த்து, உன்னைப்போன்ற அறிவாளி அந்தப் பொருளுக்கு ஏன் கட்டுப்படுகிறாய் என்று ஆத்திரத்தோடு கேட்கிறான். அவன் வாயில் அரசன் ஆள் இல்லை, ஒரு பொருள். முதலில் வானம் காலி என்றவன் இப்போது அங்கே ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்கிறானே, முன்னுக்குப்பின் முரண் இல்லையா? முரண் இல்லை. அரியணையில் உடல் இருக்கிறது, ஆள்பவர் இல்லை என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே அவன் குற்றச்சாட்டு.

ஜப்பானிய வரலாறு தெரிந்தவருக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது. வானத்துத் தெய்வத்தின் வழித்தோன்றல் என்று வணங்கப்பட்ட பேரரசர் கியோட்டோவில் இருக்க, ஃபுஜிவாரா குடும்பத்தாரும் பிறகு ஷோகன்களும் பல நூற்றாண்டு நாட்டை ஆண்டார்கள். அந்த ஃபுஜிவாரா மரபிலிருந்து பிரிந்து, பேரரசரின் பெயரால் ஆளும் பதவிக்கு உரிமை கொண்டாடிய குடும்பங்களின் எண்ணிக்கையும் ஐந்துதான். இந்த ஒப்புமையைக் குபோ சொன்னதாகக் கொள்ள வேண்டாம், இது என் வாசிப்பு. தன் நாட்டின் நீண்ட பழக்கம் ஒன்று கதாசிரியனின் கற்பனைக்குள் அவனைக் கேட்காமலே நுழைந்துவிடுவது உலகெங்கும் நடப்பதுதானே.

உராஹராவின் வாதம்

எதிர்த்தரப்பு வாதத்தைக் குபோ பலவீனமான வாயில் வைக்கவில்லை. உராஹரா கிசுகே இந்தக் கதையின் மிகக் கூர்மையான மூளை. அறிவில் தன்னையும் மிஞ்சியவர் என்று ஐசெனே ஒப்புக்கொண்ட ஒரே ஆள். அவர் சொல்லும் பதில் எளிமையானது: அந்த ஆணியைப் பிடுங்கினால் உலகம் சரிந்துவிடும். உலகம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஐசெனுக்கு அந்தப் பதில் தோற்றவர்களின் தர்க்கம். உலகம் எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பேசுபவனே வெல்லத் தகுந்தவன் என்கிறான் அவன். அவனைக் கொள்கைவாதி என்று அழைக்க இந்த ஓர் இடம் போதும். அதிகாரப் பசி மட்டும் கொண்டவன் எதிராளியின் வலிமையைப் பற்றி ஆத்திரப்படுவான். ஒரு புத்திசாலி அநியாயத்தோடு சமாதானமாகிவிட்டதைக் கண்டு ஐசென் அளவுக்குக் கொதிக்கமாட்டான்.

யார் சொன்னது சரி? கதை இரண்டு பேருக்கும் சான்று தருகிறது. கடைசிப் போரில், ஷினிகாமிகளின் பகைவர்களான குயின்சிகளின் தலைவன் யூஹாபாக் அரண்மனைக்குள் புகுந்து அரசனின் உடலில் வாளைச் செருகுகிறான். அதைப் பிடுங்க முயலும் கதாநாயகன் இச்சிகோவின் கையே, உடம்பிலோடும் குயின்சி ரத்தத்தின் சூழ்ச்சியால், அரசனை வெட்டிவிடுகிறது. உடனே மூன்று உலகங்களும் ஆட்டம் காண்கின்றன. நோயாளி உகிடாகே தன்னுள் குடியிருந்த அரசனின் வலக்கையை எழுப்பி, தன் உயிரைக் கொடுத்துச் சரிவைக் கொஞ்ச நேரம் தாங்குகிறார். உராஹரா பொய் சொல்லவில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. அதே காட்சியில் இன்னொன்றும் தெரிகிறது. உலகம் நிற்பதற்கு ஓர் உடல் சிதைந்தே கிடக்க வேண்டும். ஒன்று போனால் இன்னொன்றைக் கொடுத்தாக வேண்டும். உலகம் சரியும் என்பது உண்மை என்பதாலேயே இந்த ஏற்பாடு நியாயமாகிவிடுமா? வேறு வழி தேடவே யாரும் கிளம்பவில்லை என்ற குற்றச்சாட்டை அந்த உண்மை தொடக்கூட இல்லை. உராஹரா ஒரு நடப்பைச் சொன்னார். ஐசென் ஒரு நியாயத்தைக் கேட்டான். உராஹராவின் பதில் அவனுடைய கேள்விக்கு வந்த பதிலே இல்லை.

ஒரு லட்சம் உயிர்

இதுவரை பார்த்தால் ஐசென் கட்சி ஜெயிப்பதுபோலத் தெரியும். அவன் கணக்கேட்டைத் திறந்தால் நிலைமை மாறும். அரண்மனைக்குப் போகத் திறவுகோல் வேண்டும். அதைச் செய்ய ஆன்ம வளம் மிகுந்த நிலமும் ஒரு லட்சம் உயிர்களும் வேண்டும். அதற்கு அவன் தேர்ந்தெடுத்தது கராகுரா என்ற சாதாரண ஜப்பானிய நகரம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மளிகைக்கடை எல்லாம் உள்ள ஊர். அந்த ஊர்க்காரர்களுக்கு ஆன்ம அரசனைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. அரசன் ஒருவனை வெட்டிப்போட்டு உலகத்தை நிறுத்தினார்கள் என்று குமுறுபவன், ஒரு லட்சம் பேரை உருக்கி ஒரு சாவி செய்ய நினைக்கிறான். ஐந்து குடும்பத்து முன்னோர்கள் போட்ட கணக்கும் இதுதான்: பெரிய காரியத்துக்குச் சிலரைப் பொருளாக்கலாம். முன்னோர்கள் ஒருவனோடு நிறுத்தினார்கள் என்றுகூட அவர்கள் பக்கம் வாதாடலாம்.

அவன் கையாண்ட மனிதர்களின் பட்டியலும் அப்படித்தான். தன் மேலதிகாரி ஹிராகோ உட்படப் பலரை அரக்கராக்கும் சோதனைக்கு ஆளாக்கியது கதைக்கு நூறு ஆண்டுகளுக்கு முன். இச்சிகோவின் பிறப்புக்கு இட்டுச் சென்ற நிகழ்வுகளிலும் அவனுடைய பரிசோதனை ஒன்று இருக்கிறது. தெய்வம்போல நம்பிய தன் துணைக் கேப்டன் ஹினாமோரியை வாளால் குத்தினான். அது போதாதென்று பின்னொரு போரில் மாயத்தால் கண்ணைக் கட்டி, அவளுடைய சிறுவயதுத் தோழன் ஹிட்சுகாயாவின் வாளே அவளைத் துளைக்கும்படி செய்தான். தனக்காகப் போரிட்ட ஹாலிபெலைத் தன் கையாலேயே வெட்டிச் சாய்த்தான். இவற்றில் பலவும் அவன் லட்சியத்துக்கு அவசியமாகக்கூட இருக்கவில்லை என்பதைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். ஹினாமோரியைக் குத்தாமலே அவன் தப்பியிருக்கலாம். போகிற போக்கில் செய்யும் கொடுமைக்குக் கொள்கை சாக்காகாது.

நல்லவர்கள் தரப்பும் இதில் சுத்தமில்லை என்பது இங்கே ஒரு குறிப்பாக. ஐசென் பறித்த அந்த மணி, ஹோக்யோகு, உராஹரா உருவாக்கியது. அதை ருகியாவின் ஆன்மாவுக்குள் அவளைக் கேட்காமல் ஒளித்து வைத்தவரும் அவரே. பிறகு மன்னிப்புக் கேட்டார். இந்த உலகத்தில் மனிதர்களைப் பெட்டியாகவும் ஆணியாகவும் சாவியாகவும் பயன்படுத்தாத தரப்பு எதுவுமில்லை. மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவர் ஒருவராவது இருந்தார் என்பதே இரண்டு தரப்புக்கும் உள்ள தூரம்.

பெட்டிச் செய்தி: குற்றமும் தண்டனையும்

நாற்பத்தாறு பேர் அவை என்பது நாற்பது அறிஞர்களும் ஆறு நடுவர்களும் கொண்டது. ஐசென் அவர்கள் அத்தனை பேரையும் கொன்றுவிட்டு, அவர்கள் பெயரிலேயே ஆணைகள் அனுப்பிக்கொண்டு அந்த மண்டபத்திலேயே ஒளிந்திருந்தான். அரசனின் பெயரால் பிரபுக்கள் ஆள்வதைச் சாடியவன், செத்தவர்களின் பெயரால் ஆண்ட வேடிக்கை இது. ஹோக்யோகுவோடு கலந்துவிட்டதால் அவனைக் கொல்ல முடியாது. புதிதாக அமைந்த அவை 18,800 ஆண்டுகள் சிறை என்று தீர்ப்பளித்தது. விசாரணையில் அவன் காட்டிய ஏளனத்துக்காக அது 20,000 ஆண்டுகளானது. இடம்: பூமிக்கடியில் 'முகென்' என்ற ஆழ்சிறை.

சொல்லாமல் விட்ட உண்மை

கொள்கை வில்லன்கள் எல்லோரும் கொல்கிறார்கள். ஐசெனிடம் மட்டும் காணும் விசேஷம் அவனுடைய மௌனம். 'நருட்டோ'வில் வரும் நாகாட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரையே தரைமட்டமாக்கினாலும், போரும் பழிவாங்கலும் எப்படி ஒன்றையொன்று பெற்றுப்போடுகின்றன என்று கதாநாயகனை உட்கார வைத்துச் சொல்கிறான். தன் கதையையும் சொல்கிறான், பதிலும் கேட்கிறான். பதில் திருப்தியானதும் தன் உயிரைக் கொடுத்து, அங்கே கொன்றவர்களை எழுப்பித் தருகிறான். தவறோ சரியோ, அவன் கேள்வி பொதுவில் வைக்கப்பட்டது. அதனால் அவன் போன பிறகும் அது நருட்டோவின் தோளில் ஏறி நடக்கிறது. ஐசென் நூறாண்டுக்கு மேல் திட்டமிட்டான். அரியணை பொய் என்று அத்தனை காலத்தில் ஓர் ஆளிடம்கூட விளக்கிச் சொல்லி, அவரைத் தன் பக்கம் இழுக்க முயன்றதாக மூலக் கதையில் இல்லை. குன்றிலிருந்து எழும்பும்போது சொன்னதும் புதிர்தான்; கேட்ட கேப்டன்களுக்கு அது ஆணவமாகவே ஒலித்தது. விளங்கப் பேசியது ஒரே ஒருமுறை. அது சிறைப்படும்போது, ஏற்கெனவே எல்லாம் தெரிந்த உராஹராவிடம். பக்கத்தில் நின்ற இச்சிகோ பிறகு பேசுவதும் ஐசெனின் வாளில் தான் உணர்ந்த தனிமையைப் பற்றித்தான், அரசனைப் பற்றி அல்ல.

சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவனிடம் இருந்த முதலீட்டைப் பாருங்கள். கேப்டன்களிலேயே அதிகம் நேசிக்கப்பட்டவன் அவன். ஹினாமோரி அவன் சொன்னால் நெருப்பிலும் குதிப்பாள். அவனோடு சேர்ந்து கிளம்பிய கேப்டன் டோசென் கனாமேயோ நீதி கேட்டுத் தோற்றவன். அவனுடைய தோழியைக் கணவனே கொன்றான். அந்தக் கணவன் பிரபுக் குடும்பத்தவன் என்பதால் அவை அவனைப் பெரிதாகத் தண்டிக்கவில்லை. அரியணையின் பொய்யைக் கேட்கக் காத்திருந்த செவி ஒன்று உண்டென்றால் அது டோசெனுடையது. கீழ்த்தட்டில் அதைவிடப் பெரிய கூட்டம் இருந்தது. ஆன்மாக்கள் வாழும் ருகோன்காய், திசைக்கு எண்பது வட்டாரமாகப் பிரிந்திருக்கிறது. எண் கூடக்கூட வறுமையும் கூடும். ருகியாவும் அவள் தோழன் ரென்ஜியும் வளர்ந்தது எழுபத்தெட்டாவது வட்டாரம். அங்கே தண்ணீர் திருடித்தான் குடிக்க வேண்டும், தோழர்கள் ஒவ்வொருவராகச் செத்துப் போவார்கள். மதிலுக்குள் இருக்கும் வெள்ளை நகரத்துக்கு அவர்கள் நினைவே இல்லை. வானுலகம் அநியாயமானது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டாம். தேவலோகத்துக்கும் சேரி உண்டு என்பதை அறிந்த அந்த மனிதன், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் கண் அரியணை மட்டத்துக்குக் கீழே இறங்கவே இல்லை.

அவனுடைய வாள் என்ன செய்யும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் படம் முழுமையாகும். க்யோகா சுய்கெட்சு, அதன் விழிப்பை ஒருமுறை பார்த்தவரின் ஐம்புலனையும் ஏமாற்றும். கண் தெரியாத டோசென் தப்பித்தான். மற்றவர்களுக்கு ஐசென் காட்டியதே உலகம். பொய்யின் மேல் நிற்கும் அரசைக் கவிழ்க்க வந்தவனின் ஒரே கருவி அதைவிட நேர்த்தியான பொய். அவனை ஒரு போலி என்று சொல்ல இது மட்டும் போதாது. பொய்யால் ஆளப்படுவதை அவன் மனமார வெறுத்தான். ஆனால் பிறர் பொய்யால் ஆளப்படுவதில் அவனுக்கு ஆட்சேபமில்லை. பின்னால் யூஹாபாக்கை எதிர்த்து அவன் வாளெடுத்ததும் இதே காரணத்துக்காகத்தான்: தன்னை ஆள நினைப்பவன் எவனாயினும் எதிர்ப்பது. விடுதலை வேண்டும் என்ற அவன் லட்சியத்தில் எண்ணிக்கை ஒன்று.

இவ்வளவு தோண்ட ஒரு வாள்சண்டைக் கதை தாங்குமா, பதின்ம வயதினருக்கான வார இதழில் வந்ததுதானே என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு பதில். குன்றுக் காட்சி கதையின் முதற் பகுதியில் வந்தது. அரசனின் உடல் தெரிந்தது கடைசிப் போரில். இடையில் ஓடியது ஏறத்தாழப் பத்தாண்டு. முதலில் போட்ட முடிச்சு கடைசியில் அதே நூலால் அவிழ்கிறது. வாராவாரம் கெடுவுக்கு ஓடி ஓடி வரைந்த கதை என்பதால் ஓட்டைகள் ஏராளம், சண்டைகளில் பாதியை வெட்டினாலும் நஷ்டமில்லை. இந்த ஒரு இழையை மட்டும் குபோ கைவிடவே இல்லை.

தோற்றவனுக்குக் கோயில்

சிறையிலிருக்கும் ஐசெனை நாற்காலியோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். கொல்ல முடியாது, விடவும் முடியாது. யூஹாபாக் வந்து ஊரைச் சிதைத்ததும் தலைமைக் கேப்டன் கியோராகு சிறைக்கு இறங்கி, கட்டுகளில் சிலவற்றை மட்டும் அவிழ்த்து அவனை வெளியே அழைத்து வருகிறார். பலரும் வெறுத்த முடிவு அது. ஆனால் கடைசிச் சண்டையில் யூஹாபாக்கை ஏமாற்றித் திசைதிருப்பியது ஐசெனின் மாயம்தான். கலகக்காரனை அழிக்காமல், அஞ்சி, கட்டி, ஆபத்து வேளையில் அவன் வல்லமையைக் கேட்டு நிற்கும் இந்த முறைக்கு ஜப்பானில் ஆயிரம் ஆண்டு வயது.

பெட்டிச் செய்தி: 'புதிய பேரரசர்' மசகாடோ

கான்டோ பகுதியைச் சேர்ந்த போர்வீரன் தைரா நோ மசகாடோ 939-ல் கியோட்டோ அரசவையை எதிர்த்துத் தன்னைப் புதிய பேரரசர் என்று அறிவித்துக்கொண்டான். 940-ல் கொல்லப்பட்டான். கியோட்டோவில் காட்சிக்கு வைத்த அவன் தலை கிழக்கே பறந்துபோனது என்பது ஐதீகம். அது விழுந்ததாகச் சொல்லப்படும் இடம் இன்று டோக்கியோவின் ஓதெமாச்சி வணிக வட்டாரத்தில், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே பாதுகாக்கப்படுகிறது. 1309-ல் காண்டா ஆலயத்தில் அவன் தெய்வமாக்கப்பட்டான். பேரரசரின் எதிரிக்கு வழிபாடா என்று 1874-ல் மெய்ஜி அரசு அவனை அங்கிருந்து இறக்கியது. 1984-ல் மீண்டும் ஏற்றினார்கள்.

மசகாடோ தனி ஆள் இல்லை. அரசவைச் சூழ்ச்சியால் நாடுகடத்தப்பட்டு 903-ல் இறந்த சுகவாரா நோ மிச்சிசானே, தலைநகரில் இடியும் சாவும் தொடர்ந்ததும், சீற்றம் தணிப்பதற்காகவே தெய்வமாக்கப்பட்டார். இன்று பரீட்சைக்குப் போகும் மாணவர்கள் அவரிடம்தான் வேண்டிக்கொள்கிறார்கள். இந்த மரபில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. எதிர்த்தவனுக்குக் கோயில் கட்டியாயிற்று. அவன் ஏன் எதிர்த்தான் என்ற பேச்சு அங்கே அடங்கிவிடும். அச்சமும் மரியாதையும் சேர்ந்து அவன் கேள்வியை மூடிவிடும். முகெனின் நாற்காலியும் அப்படிப்பட்ட கோயில்தான். ஐசெனின் ஆற்றல் தேவைப்பட்டபோது இறங்கிப் போனார்கள். அவன் வாதம் தேவைப்பட்டு யாரும் இறங்கிப் போனதில்லை.

ஐசென் ரசிகர்கள் பலர் அறியாமல் செய்வதும் அந்தக் கோயில் வேலைதான். கண்ணாடியை நொறுக்கும் அழகு, எதற்கும் அசையாத குரல், எல்லாம் தன் திட்டம் என்ற தோரணை ஆகியவற்றைக் கொண்டாடிவிட்டு, அரியணையில் கிடக்கும் உடலைப் பற்றி ஒரு வரி பேசாமல் நகர்ந்துவிடுகிறார்கள். அவனை வெறுப்பவர்களும் கொலைப்பட்டியலை வாசித்துவிட்டு அதே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அரண்மனைக்கு இருவராலும் ஆபத்தில்லை.

வென்ற பிறகு

போர் முடிகிறது. யூஹாபாக் வீழ்கிறான். உலகத்துக்கு ஆணி வேண்டுமே? நாவல் சொல்லும் விடை: யூஹாபாக்கின் உடலையே அரசனின் இடத்தில் வைத்துவிட்டார்கள். ஒரு சடலம் போய் இன்னொரு சடலம். பத்தாண்டு கழித்து நடக்கும் கடைசி அத்தியாயத்தில் ருகியா கேப்டனாகிறாள், இச்சிகோவுக்கு மகன் பிறந்திருக்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். மகிழ்ச்சியான முடிவுதான். அந்த அத்தியாயத்தில் சாவையும் பயத்தையும் பற்றி யோசித்துப் பேசுபவன், சிறையில் இருக்கும் ஐசென். சாவில்லாத உலகம் வந்தால் மனிதர்கள் நம்பிக்கையோடு முன்னேற மாட்டார்கள், பயத்தை மீறி எடுத்து வைக்கும் அடிக்குத்தான் மதிப்பு என்ற பொருளில் அவன் பேசுகிறான். மனிதர்களைச் சாவிக்கான உலோகமாகப் பார்த்தவனின் வாயில் இது வருவது மாற்றமா, இச்சிகோவிடம் தோற்றதன் பலனா என்பதைக் குபோ விளக்கவில்லை. மாற்றம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்க அங்கே எவருமில்லாத இடத்தில் வந்த மாற்றம்.

2021-ல் இருபதாம் ஆண்டை ஒட்டி குபோ ஒரு சிறப்பு அத்தியாயம் வரைந்தார். இறந்த கேப்டன்களுக்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்துச் செய்யும் மரியாதைச் சடங்கு, அவர்களை மண்ணோடு கலக்கச் செய்வதாக எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையில் அது அவர்களை நரகத்துக்குள் தள்ளுகிறது என்பது அதில் தெரிய வருகிறது. உலகத்தைத் தாங்கச் செத்த உகிடாகேவுக்கும் அந்தச் சடங்குதான். அரியணை ஒன்றுதான் பொய் என்று நினைத்திருந்தவர்களுக்கு, பொய் அடுக்கடுக்காகக் கிடப்பது அங்கே புரிந்தது. ஐசென் ஜெயித்திருந்தாலும் இந்த அடுக்கு கலைந்திருக்குமா? அரியணையின் மேல் தான் ஏறி நிற்பதே அவன் திட்டம். அரியணைக்குக் கீழே பள்ளம் தோண்டும் எண்ணம் அதில் இல்லை.

நரிதாவின் அந்த நாவலில் கதாநாயகன் இச்சிகோ இல்லை. ஹிசாகி ஷூஹெய். ஒன்பதாம் பிரிவின் துணைக் கேப்டன், டோசெனின் சீடன், வாள்வீச்சில் நடுத்தரம். அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஷினிகாமிகளுக்காக வெளிவரும் 'செய்ரெய்தெய்' செய்தி இதழின் ஆசிரியன் அவன். அவனுக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தவன் டோசென். அரசன் எப்படி அரசனானான் என்ற விவரம், நூறாண்டு அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்ட பெரிய வில்லனைத் தாண்டி, கடைசியில் கெடுவுக்குக் கட்டுரை வாங்க அலையும் இந்த ஆசிரியனிடம் வந்து சேர்கிறது. அரண்மனையைத் திறக்க ஐசென் ஒரு லட்சம் உயிரைத் தேடினான். ஹிசாகியின் கையில் அச்சுக்கூடம் இருக்கிறது.